பழைய பிக்கப்பும் கூடுதல் பட்டையும்

போன வாரம் தங்கை மகன் போன் செய்தான். ராசிபுரத்துப் பக்கம் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன்.

"மாமா, ஒரு பிக்கப் வந்திருக்குங்க. பழசுதான். ரெண்டு பத்து சொல்றாங்க, ரெண்டுக்கு முடிச்சிடலாம். சென்ட்ரிங் சாமான் ஏத்திக்கலாம், பின்னாடி கலவை மிஷினையும் மாட்டி இழுத்துக்கலாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அட்வான்ஸ் குடுத்துடுவேன்."

"வண்டி எப்படி இருக்குது மாப்ளே?"

"சூப்பரா இருக்குதுங்க மாமா. பின்னாடி எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருக்காங்க. ரெண்டு டன் அசால்ட்டா தாங்குமாம்."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. "ரெண்டு நாள் பொறு, சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். போனில் சொல்ல முடியாத அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய வண்டி வாங்கித் தொழில் செய்யும் வேறு யாருக்காவது உதவினாலும் சரி.

நான் பஞ்சாயத்து யூனியனில் ஓவர்சீயராக இருந்து 2009-ல் ஓய்வு பெற்றவன். சும்மா இருக்கப் பிடிக்காமல், மறு வருடம் தம்பியோடு சேர்ந்து வாடகைக் கடை போட்டேன். சென்ட்ரிங் தகடு, ஜாக்கி, சாரக் கம்பு, வைப்ரேட்டர், ஒரு கலவை மிஷின். இதையெல்லாம் வேலை நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டு, முடிந்ததும் எடுத்து வர ஒரு வண்டி வேண்டுமே. புது வண்டிக்குக் கடன் வாங்கலாம் என்றான் தம்பி. நான் வேண்டாம் என்றேன். வாடகைக் கடை வண்டி மாதத்தில் 14, 15 நாள்தான் ஓடும். தவணை 30 நாளும் ஓடும். இந்தக் கணக்கில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சிறு தொழிலுக்குப் பழைய வண்டி கேவலமும் இல்லை, முட்டாள்தனமும் இல்லை.

எங்கள் நாமக்கல் மாவட்டத்தில் வண்டி வாங்க ஆள் தேட வேண்டியதில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும், பக்கத்துச் சங்ககிரி முழுக்க லாரிக்காரர்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் புரோக்கர் தானாக வந்து பேசுவார். அப்படி வந்ததுதான் 2004 மாடல் பிக்கப் ஒன்று. 1,85,000 ரூபாய்க்கு முடித்தோம். எந்தக் கம்பெனி என்பதைச் சொல்லப் போவதில்லை. இங்கே நான் சொல்லப் போகும் குற்றம் கம்பெனியுடையது அல்ல, எங்களுடையது.

ஆறு வருடம் அது எங்களுக்குச் சோறு போட்டது. கணக்குப் புத்தகம் வைத்திருந்தேன். கிளட்ச் பிளேட் ஒரு முறை, ரேடியேட்டர் ஒரு முறை, டயர் இரண்டு ஜோடி, தொட்டிக்கு டின்கரிங், பெயிண்ட். வருடத்துக்குச் சராசரியாக 30,000 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. "பார்த்தாயா, புது வண்டிக்கு இது ஆறு மாதத் தவணைகூட இல்லை" என்று தம்பியிடம் பெருமை பேசிக்கொள்வேன்.

இடையில் 2012-ல் ஒரு வேலை செய்தோம். பாரம் ஏற்றினால் வண்டி பின்பக்கம் குனிகிறது, தொட்டி டயரில் உரசுகிறது என்று டிரைவர் தம்பி சொன்னான். பட்டறையில் காட்டினோம். பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்த்துப் போட்டுவிட்டார்கள். செலவு சில ஆயிரம். அன்றிலிருந்து வண்டி நிமிர்ந்து நின்றது. என்ன ஏற்றினாலும் குனியவில்லை. கூடவே கலவை மிஷினை இழுக்கச் சேஸின் கடைசிக் குறுக்குச் சட்டத்தில் ஒரு கொக்கியும் வெல்டிங் வைத்தோம்.

வண்டி குனிகிறது என்றால் "என்னால் முடியவில்லை" என்று சொல்கிறது என்று அர்த்தம். நாங்கள் அதன் வாயை அடைத்தோம், வலிமையைக் கூட்டவில்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். இதை நான் 2012-லேயே போட்டிருக்க வேண்டும். எங்கள் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் வெறும் வண்டி எடை 1,680 கிலோ, பாரத்தோடு மொத்த எடை 2,880 கிலோ என்று இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் 1,200. அவ்வளவுதான் ஏற்றலாம், டிரைவரையும் சேர்த்து. எங்கள் கடைத் தகடு ஒன்று 15 கிலோ. 60 தகடு 900 கிலோ. ஜாக்கியும் ஒன்று 15 கிலோ. 20 ஜாக்கி 300 கிலோ. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் டிரைவரோடு நாலு பேர், சுமார் 240 கிலோ. பின்னால் கலவை மிஷின். அதைப் பின்னாளில் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது 960 கிலோ காட்டியது. எல்லாம் கூட்டினால் 4,080 கிலோ. 2,880 கிலோவை நிறுத்தச் செய்த பிரேக்கிடம் நாலு டன்னை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த மிஷினுக்குச் சொந்தமாகப் பிரேக் கிடையாது. பின் விளக்குக்கூடக் கிடையாது.

இதில் வெட்கமான சங்கதி ஒன்று இருக்கிறது. யூனியனில் இருந்த காலத்தில் தளத்துக்குக் கட்டிய கம்பியில் ஒன்று குறைந்தாலும் கான்கிரீட் போட விடமாட்டேன். "எம்-புக்கில் கையெழுத்துப் போடுகிறவன் நான், நாளைக்கு இடிந்தால் யார் பதில் சொல்வது?" என்று கான்ட்ராக்டர்களிடம் கத்தியிருக்கிறேன். அதே நான், வருடா வருடம் எஃப்.சி.க்குப் போகும் முன்பு சேர்த்த பட்டையைக் கழற்றி, முடிந்து வந்ததும் திரும்ப மாட்டச் சொல்லிப் பட்டறைக்குக் காசு கொடுத்தேன். ஊரே செய்கிறது, நாமும் செய்தால் என்ன என்பதுதான் என் நியாயம். அந்த கான்ட்ராக்டர்களும் அதைத்தானே சொன்னார்கள்?

2016-ல் கொல்லிமலையில் ஒரு வேலை. மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது எல்லோருக்கும் தெரியும். மேலே ஏற்றிக்கொண்டு போனதில் ஒன்றும் நடக்கவில்லை. வேலை முடிந்து, பாதிச் சாமானும் மிஷினுமாக இறங்கும்போதுதான். சாயங்கால நேரம். தொட்டியில் மூன்று ஆட்கள். நான் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் தம்பி இரண்டாவது கியரில்தான் இறக்கியிருக்கிறான். கெட்டிக்காரன். ஆனாலும் ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் மிதிக்க வேண்டியிருந்தது. பின்னால் கட்டியது தள்ளிக்கொண்டே வந்தது. பாதி மலை இறங்கியபோது பெடல் மெத்தை மாதிரி ஆனது. அடுத்த வளைவில் பெடல் தரையைத் தொட்டது. முதல் கியருக்குப் போட்டு, கைப்பிரேக்கை முழுக்க இழுத்து, பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கத்து வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி, பாறையில் உரசி நிறுத்தியிருக்கிறான். மிஷின் ஒரு பக்கமாக மடங்கி வந்து தொட்டியில் மோதியது. இழுக்கும் கம்பி வளைந்துவிட்டது. தொட்டியில் இருந்த ஒரு ஆளுக்குக் காறை எலும்பு முறிந்தது. மற்ற இரண்டு பேருக்குச் சிராய்ப்பு.

போனில் அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பிரேக் அடிச்சேன் சார். நிஜமா அடிச்சேன் சார். மிஷின் தள்ளிடுச்சு சார்." அவன் மேல் தப்பு இல்லை என்று என்னிடம் நிரூபிக்கப் பார்க்கிறான். தப்பு யார்மேல் என்று எனக்கு அல்லவா தெரியும்.

மறுநாள் அவன் அம்மா கடைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். "பையனுக்கு ஒண்ணும் ஆகலைங்க சார், ரெண்டு நாள் லீவு மட்டும் குடுங்க" என்றார். அந்தம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்.

அடிபட்டவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு 48,000 ரூபாய். மூன்று மாதம் பாதிக் கூலி. சரக்கு வண்டியின் தொட்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். அதனால் இன்சூரன்ஸில் போய் நிற்க முகம் இல்லை. என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். கொடுத்ததில் பெருமை இல்லை. கொடுக்க வேண்டிய கடன்.

வண்டியை மேலே தூக்கிப் பார்த்த மெக்கானிக் ஒரு பாடம் எடுத்தார். பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு சின்ன வால்வு இருக்கும். எங்கள் வண்டியிலும் இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். பாரம் ஏறி வண்டி குனிந்தால் கம்பி நகரும். வால்வு பின் சக்கரத்துக்குக் கூடுதல் பிரேக் அழுத்தம் விடும். வண்டி காலியாக நிமிர்ந்து நின்றால் அழுத்தத்தைக் குறைக்கும், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க. நல்ல ஏற்பாடு. நாங்கள் பட்டை சேர்த்ததால் எவ்வளவு ஏற்றினாலும் வண்டி குனியவில்லை. வால்வு என்ன நினைத்தது? வண்டி காலி என்று நினைத்தது. நாலு வருடமாகப் பின் பிரேக் அரை வேலைதான் பார்த்திருக்கிறது. முன் பிரேக்தான் எல்லாவற்றையும் சுமந்தது. மலை இறக்கத்தில் அது காய்ந்து பழுத்தது. பிரேக் ஆயிலோ மூன்று வருடமாக மாற்றாதது. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேரச் சேரச் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை மிதித்தால் பெடல் கீழே போகுமே தவிர வண்டி நிற்காது.

"பின் டிரம்மு சூடே ஆகலைங்க சார். அதனாலதான் ஹேண்ட் பிரேக் புடிச்சிருக்கு, பையன் பொழைச்சான்" என்றார். எதைக் கெடுத்தோமோ அதுவே கடைசியில் காப்பாற்றியிருக்கிறது. இதைத் தெய்வச் செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் காட்டினார். கொக்கி வைத்த குறுக்குச் சட்டத்தில் வெல்டிங் ஓரமாக ஒரு விரிசல். பின் பட்டை மாட்டும் பிராக்கெட் அருகே சேஸில் இன்னொன்று.

அடுத்து என்ன செய்வது என்பதில்தான் எனக்கும் தம்பிக்கும் சண்டை வந்தது. விரிசலுக்கு வெல்டிங் வைத்து, பட்டி பார்த்துக் கறுப்பு அடித்துவிட்டால் தெரியாது. புரோக்கர் 95,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளத் தயார். பழைய இரும்புக்கும் உதிரிக்கும் பிரித்துக் கொடுத்தால் 63,000 ரூபாய். "வாங்கறவன் பாத்து வாங்கட்டும் அண்ணா. நமக்கு வித்தவன் எல்லாத்தையும் சொன்னானா?" என்றான் தம்பி. அவன் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த வண்டியில் இன்னொரு வீட்டுப் பிள்ளை மலை இறங்குவதை நினைத்தால் எனக்கு 32,000 ரூபாய் பெரிதாகத் தெரியவில்லை. பிரித்துக் கொடுத்துவிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்தேன். தம்பி பத்து நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு வாங்கியதும் பழைய வண்டிதான். நாலு வருடம் ஓடியது, ஒரு அளவு பெரியது, 3,40,000 ரூபாய். புதிது என்றால் ஆறு லட்சத்துக்கு மேல். பட்டை எதுவும் சேர்க்கவில்லை. கலவை மிஷினை அன்றிலிருந்து டிராக்டர்தான் மெதுவாக இழுத்துப் போகிறது. மலை வேலை என்றால் அங்கேயே உள்ளூர் மிஷினை வாடகைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவோம்.

இனி என் கருத்து.

வண்டியை எப்போது மாற்றுவது என்று கேட்டால் எல்லோரும் ரிப்பேர் செலவைக் கணக்குப் பார்க்கச் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என் கணக்குப் புத்தகப்படி அந்த வண்டி கடைசி நாள் வரை லாபம்தான். விரிசல் கணக்கில் வரவில்லை, கொதித்த ஆயில் கணக்கில் வரவில்லை, டிரைவரின் அம்மா கணக்கில் வரவில்லை. இப்போது நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். முழுப் பாரத்தோடு இந்த வண்டியில் என் சொந்த மகனை மலை இறங்கச் சொல்வேனா? தயக்கம் வந்தால் அன்றைக்கே மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வயதை மட்டும் வைத்து வண்டியைக் குற்றவாளி ஆக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 15 வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்தினார்கள். பழசு ஒழியட்டும் என்பது நோக்கம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட 15 வருட வண்டி, வதைபட்ட ஐந்து வருட வண்டியைவிட நல்லது. ஒரே வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்குத்தான் அந்தக் கட்டணம் வலிக்கிறது. அதற்குப் பதிலாக, சேர்த்த பட்டையையும் பிரேக் வால்வையும் சாலையிலேயே அடிக்கடி பார்க்கலாம். எஃப்.சி. இப்போது எட்டு வயது வரைக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடம் ஒரு முறை. அந்த ஒரு நாள் மட்டும் வண்டி யோக்கியமாக இருந்தால் போதும் என்பதை என்னைவிட அறிந்தவர் யார்? கம்பெனி செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் இருக்கிறது. அது புத்தகத்திலேயே இருக்கிறது.

அதிகாரிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. வாடகை கொடுப்பவர் "ஒரே நடையில் கொண்டு வந்துடுங்க" என்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். இரண்டாவது நடைக்கு என்ன ஆகும்? போக வர 30 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் இரண்டரை லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 230 ரூபாய். ஒரு மணி நேரம் கூட ஆகும். இந்த 230 ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் பட்டை, கொக்கி எல்லாம். மாட்டினால் அபராதம் 20,000 ரூபாயும், அதிகமான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்பதைச் சேர்த்தால் கணக்கு இன்னும் கேவலமாகிறது.

"அப்படியெல்லாம் பார்த்தால் தொழில் செய்ய முடியாது, பக்கத்துக் கடைக்காரன் ஒரே நடையில் போடுகிறான்" என்பார்கள். உண்மைதான். எங்களுக்கும் சில வாடிக்கையாளர்கள் போனார்கள். கடை மூடவில்லை. அதற்கு மேல் அந்த வாதத்துக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மாப்ளே, உனக்குச் சில வார்த்தை. வண்டியைக் காலையில், அவர்கள் ஸ்டார்ட் பண்ணும் முன்பே போய்ப் பார். சூடான இன்ஜின் எல்லாக் குறையையும் மறைக்கும். ஓட விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திற. குபுகுபுவென்று புகை வந்தால் விட்டுவிடு. பெயிண்டைப் பார்க்காதே, அடியில் படுத்துச் சேஸைப் பார். ஒரு இடத்தில் மட்டும் புதுக் கறுப்பு இருந்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது. டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்திருக்கிறதா பார். ஆர்.சி.யில் இரண்டு எடைகளையும் பார்த்து, உன் சாமானின் எடையைக் கூட்டிப் பார். பத்தவில்லை என்றால் பட்டை சேர்க்காதே, பெரிய வண்டி பார். கடன் இருந்தால் ஃபைனான்ஸ்காரர் கொடுக்கும் 35-ம் எண் படிவம் வாங்கு. 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெயரை உடனே மாற்று. விற்பவருக்கும் அதுதான் நல்லது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. வாங்கிய முதல் வாரமே பிரேக் ஆயிலை மாற்று. சில நூறு ரூபாய்தான்.

அன்று வண்டி ஓட்டிய தம்பி இப்போது சொந்தமாகக் குட்டியானை வைத்திருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு வருவான். கொல்லிமலையைப் பற்றி அவனும் பேசமாட்டான், நானும் பேசமாட்டேன்.

இதில் பாதியை எழுதிக்கொண்டிருக்கும்போதே பொறுக்காமல் தங்கை மகனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "யோசிக்கிறேன் மாமா" என்று வைத்தான். நேற்று ராத்திரி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்து எடுத்தது. துருவேறிய பட்டைகளுக்குக் கீழே இரண்டு மட்டும் வேறு நிறத்தில் இருந்தன. "மாமா, இதுல கம்பெனி போட்டது எத்தனை?" என்று கேட்டிருந்தான்.

எண்ணிச் சொன்னேன்.